வயிற்றுப் புற்றுநோயும் நரம்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டுப் பேச்சு முழுக்க ஆபரேஷன், கீமோ, எத்தனையாவது ஸ்டேஜ் என்பதிலேயே சுற்றும். நரம்புகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஒரு வரி கண்ணில் பட்ட பிறகோ, கீமோ நடுவில் விரல்நுனி மரத்துப்போன பிறகோதான் கேள்விகள் கிளம்பும். அப்போதும் முதலில் கேட்பது கவலையால் வந்ததா, போடாக்ஸ் போட்டால் சரியாகுமா என்பவைதான். நோயாளியின் அன்றாடத்தை உண்மையில் பாதிக்கப்போவது பி12 குறைபாடும் கால் மரத்துப்போவதும். ஆராய்ச்சிச் செய்திகளையும் இங்கே சொல்லியிருக்கிறேன். ஆனால் நேரமில்லாதவர்கள் பாதிக்குக் கீழே நேராகப் போய்விடலாம்.

இரைப்பைக்கும் நரம்பு மண்டலத்துக்கும் என்ன தொடர்பு?

இரைப்பைக்கு இரண்டு வகை நரம்புகள். ஒரு வகை வெளியிலிருந்து வருபவை: மூளைத்தண்டில் புறப்பட்டுக் கழுத்து, மார்பு வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு, தண்டுவடத்திலிருந்து கிளம்பி, இரைப்பைக்குப் பின்னால் பெருந்தமனியை ஒட்டியுள்ள சீலியாக் நரம்புப் பின்னல் வழியாக வரும் சிம்பதெடிக் நரம்புகள். இன்னொரு வகை இரைப்பைச் சுவருக்குள்ளேயே இருக்கிறது. தசை அடுக்குகளுக்கு நடுவே விரிந்திருக்கும் அவுர்பாக் பின்னல்தான் அதில் முக்கியமானது. உணவுக்குழாய் தொடங்கி மலக்குடல் வரை இப்படிச் சுவருக்குள் இருக்கும் நரம்பு செல்கள் 10 கோடிக்கும் மேல். மூளை சொல்லாமலே இவை குடலை அசைக்கும்.

மூளையின் உத்தரவைக் கொண்டுவருவதுதான் வேகஸின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் எதிர்த்திசையில், உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மீதிதான் இறங்கி வந்து, சுவருக்குள் இருக்கும் நரம்பு செல்களைத் தூண்டி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது. அமிலம் சுரப்பதிலும் இரைப்பை உணவைப் பிசைவதிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயரும் இதுவே.

நரம்பு புற்றுநோயை வளர்க்கும் என்கிறார்களே, உண்மையா?

எலிகளில் உண்மை. மனிதர்களில் அதற்கான தடயங்கள் இருக்கின்றன, முழு நிரூபணம் இல்லை.

2014-ல் நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகர ஆராய்ச்சியாளர்களும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிமோதி வாங் தலைமையிலான குழுவும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயிற்றுப் புற்றுநோய் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் வேகஸை வெட்டிப் பார்த்தார்கள். கட்டி வருவது குறைந்தது. அதில் மறக்க முடியாத ஒரு விவரம்: சில எலிகளில் வேகஸின் முன்பக்கக் கிளையை மட்டும் வெட்டினார்கள். அதே இரைப்பையின் முன்சுவரில் கட்டி குறைந்தது, நரம்பு அப்படியே இருந்த பின்சுவரில் குறையவில்லை. ஒரே எலி, ஒரே உணவு, ஒரே ரத்தம். மாறியது நரம்பு மட்டும்தான்.

காரணம் இப்படி விளக்கப்படுகிறது. இரைப்பைச் சுரப்பிகளில் ஸ்டெம் செல்கள் உண்டு. உள்படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை இவை. இவற்றின் மேல் அசிட்டைல்கோலினைப் பிடித்துக்கொள்ளும் எம்3 என்ற ஏற்பி இருக்கிறது. நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் அதில் உட்கார்ந்ததும், செல்லைப் பெருகச் சொல்லும் உட்செய்திகள் முடுக்கிவிடப்படுகின்றன. ஆரோக்கியமான வயிற்றில் இது தேவையான வேலை; புண் ஆறுவதும் இதைப்போன்ற பெருக்கத்தால்தான். செல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் அதே உந்துதல் கட்டிக்குத் தீனியாகிறது.

2017-ல் அதே கொலம்பியா குழு அடுத்த பாதியைக் காட்டியது. அசிட்டைல்கோலினால் தூண்டப்பட்ட உள்படலச் செல்கள் சும்மா இருப்பதில்லை, நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் அந்த இடத்தில் நரம்புகள் இன்னும் அடர்த்தியாக வளர்கின்றன. நரம்பு கூடினால் அசிட்டைல்கோலின் கூடும். அது கூடினால் கட்டி மறுபடி நரம்பை அழைக்கும். எலி இரைப்பையில் இந்தப் புரதத்தை வேண்டுமென்றே அதிகமாகச் சுரக்கவைத்தபோது, வேறு தூண்டுதல் இல்லாமலேயே கட்டி வந்தது.

2025-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு வலி உணரும் நரம்புகளைப் பற்றியது. அவை சிஜிஆர்பி என்ற பொருளைச் சுரந்து எலிகளின் இரைப்பைக் கட்டியை வளர்த்தன. சிஜிஆர்பியைத் தடுக்கும் மருந்துகள் ஒற்றைத் தலைவலிக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. அந்த வகை மருந்தைக் கொடுத்தபோது எலிகளில் கட்டியின் வேகம் தணிந்தது. மைக்ரேன் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். வயிற்றுப் புற்றுநோய்க்கு அது மனிதர்களிடம் பலன் தரும் என்று இன்னும் காட்டப்படவில்லை.

அப்படியானால் வேகஸை வெட்டிவிடலாமே?

ஒரு காலத்தில் வெட்டினார்கள், வேறு காரணத்துக்காக. 1943-ல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் குடற்புண்ணுக்கு வேகஸை வெட்டும் சிகிச்சையைப் பரவலாக்கத் தொடங்கினார். நரம்பை வெட்டினால் அமிலம் குறையும், புண் ஆறும் என்பது கணக்கு. 1970-களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. 1982-ல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் குடற்புண்ணுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். வேகஸ் ஆபரேஷன் ஏறக்குறைய வழக்கொழிந்தது.

அப்படி நரம்பு வெட்டப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் வயிற்றுப் புற்றுநோய் குறைந்ததா என்று தேடிப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. வேகஸை வெட்டினால் அசிட்டைல்கோலின் மட்டும் போவதில்லை. அமிலம் குறைவதால் வேண்டாத பாக்டீரியாக்கள் தங்கும். உணவு தேங்காமலிருக்க இரைப்பையின் வாயிலையும் அகலப்படுத்துவதால் பித்தநீர் மேலேறும். இவை இரண்டுமே உள்படலத்துக்கு நல்லதல்ல. எலியில் சில மாதங்களில் முடியும் கதை, மனிதரில் முப்பது வருடம் ஓடுகிறது.

போடாக்ஸ் ஊசி?

முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே பொருள்தான். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியே வராமல் அது தடுக்கிறது. அதனால் கத்தியில்லாமல் நரம்பை அடக்கும் வழி. 2014 ஆய்விலேயே எலிகளின் இரைப்பைச் சுவரில் இதைப் போட்டார்கள், கட்டி வளர்வது குறைந்தது, கீமோவோடு சேர்த்தபோது பலன் கூடியது. நார்வேயில் மனிதர்களிடம் சிறிய அளவில் சோதனையும் தொடங்கினார்கள். இன்றைய தேதியில் இது வயிற்றுப் புற்றுநோய்க்கான சிகிச்சை அல்ல. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கவலையும் மன அழுத்தமும்தான் காரணமா? "அதிகமாக யோசித்ததால் வந்தது" என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

சொல்பவர்களுக்குச் சுலபம், கேட்பவருக்குத்தான் உறுத்தல். வயிற்றுப் புற்றுநோய்க்கான காரணங்களில் முதலிடம் ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று அறிவித்தது. புகைபிடித்தல், உப்பு மிகுந்த உணவு, சில குடும்பங்களில் சிடிஎச்1 போன்ற மரபணுக் கோளாறு ஆகியவை அடுத்து. மன அழுத்தம் மட்டுமே இந்த நோயை உண்டாக்கியதாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

ஆய்வகத்தில் வேறொன்று தெரிகிறது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் நார்அட்ரீனலின், புற்றுநோய் செல்களின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளைத் தூண்டி அவை பெருகவும் நகரவும் உதவுகிறது. இதைப் படித்துவிட்டு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தானாக ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். இதயத்துடிப்போடு விளையாடும் மருந்து அது. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுங்கள். கட்டி கரையும் என்பதற்காக அல்ல, தூங்கவும் சாப்பிடவும் முடிய வேண்டும் என்பதற்காக.

ரிப்போர்ட்டில் "பெரிநியூரல் இன்வேஷன்: உண்டு" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, நரம்பு ஒன்று வட்டமாக, அலையலையான இழைகளோடு தெரியும். அதைச் சுற்றிலும் புற்றுநோய் செல்கள் வளையமிட்டிருந்தாலோ, நரம்பின் உறைக்குள்ளேயே புகுந்திருந்தாலோ நோய்க்கூறு மருத்துவர் இப்படி எழுதுவார். நரம்பின் சுற்றளவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைச் செல்கள் சூழ்ந்திருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவுகோல். நரம்பு உறைக்குள் இருக்கும் இடைவெளி, புற்றுநோய் செல்கள் நகர்வதற்குத் தோதானது. நரம்பும் அதைச் சூழ்ந்த செல்களும் சுரக்கும் பொருள்கள் அவற்றை இழுக்கவும் செய்கின்றன.

இது நல்ல செய்தி அல்ல, மறைக்க வேண்டியதில்லை. இந்தக் குறிப்பு உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு சராசரியாக அதிகம். ஆனால் இது மூளைக்கோ தண்டுவடத்துக்கோ பரவிவிட்டது என்று பொருளல்ல; பேசப்படுவது இரைப்பைச் சுவரிலுள்ள நுண்ணிய நரம்புகள். ஸ்டேஜைத் தீர்மானிப்பதும் இது அல்ல. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது, தொலைவில் பரவியிருக்கிறதா என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவையா என்று மருத்துவர் யோசிக்கும் இடத்தில் இந்த வரிக்கும் ஓரளவு எடை இருக்கும். அதை அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இவ்வளவு நரம்பு இருந்தும் ஆரம்பத்தில் ஏன் வலிக்கவில்லை?

எண்டோஸ்கோபியில் இரைப்பையின் உள்படலத்தைக் கவ்வித் துண்டு எடுக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கிள்ளல் தெரிவதே இல்லை. காற்று ஊதி வயிற்றை விரிக்கும்போதுதான் முகம் சுளிப்பார்கள். உள்ளுறுப்பு நரம்புகளின் சுபாவம் அது: வெட்டு தெரியாது, இழுப்பும் வீக்கமும் அழற்சியும் தெரியும். சிறிய கட்டி எதையும் இழுப்பதில்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, கறுப்பாக மலம் போவது ஆகியவை வலிக்கு முன்பே வரலாம். வலி இல்லை என்பதை வைத்து இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

விழுங்கச் சிரமமாக இருக்கிறது, "அகலேசியா" என்றார்கள். புற்றுநோயோடு தொடர்பு உண்டா?

உணவுக்குழாயின் கீழ்வாயில் திறக்காமல் போவது அகலேசியா. பொதுவாக மெல்ல, வருடக்கணக்கில் வரும். இரைப்பையின் மேல்முனையில் வரும் புற்றுநோய் அங்குள்ள நரம்புப் பின்னலை ஊடுருவிச் சிதைத்தாலும் அச்சு அசலாக அதே தோற்றம் வரும். வயது அதிகம், சிரமம் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன, எடையும் வேகமாகக் குறைகிறது என்றால் கட்டி இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக்கூடாது.

தாங்க முடியாத மேல்வயிற்று வலிக்கு நரம்பில் ஊசி போடுவார்களாமே?

ஆம், சீலியாக் நரம்புப் பின்னலில். ஸ்கேன் பார்த்து முதுகு வழியாகவோ, எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் மூலம் உள்ளிருந்தோ ஊசியைக் கொண்டுபோய் மரப்பு மருந்தும் ஆல்கஹாலும் செலுத்துவார்கள். கணையப் புற்றுநோயில் அதிகம் செய்யப்படும் இது, முதுகுக்கு ஊடுருவும் இரைப்பை வலிக்கும் பொருந்தலாம். சில நாள் வயிற்றுப்போக்கும் எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் வரக்கூடும். பலன் மாதக்கணக்கில், நிரந்தரமல்ல. மார்ஃபின் என்ற வலி மருந்தின் அளவைக் குறைக்க முடிவதே பலருக்குப் பெரிய விடுதலை.

கீமோவில் கை, கால் மரத்துப்போகிறது. எந்த மருந்தால்? சரியாகுமா?

வயிற்றுப் புற்றுநோய்க்குத் தரும் மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், டோசிடாக்செல், பாக்ளிடாக்செல் ஆகிய நான்கும் நரம்பைத் தொடும்.

ஆக்ஸாலிபிளாட்டினுக்கு இரண்டு முகம். முதலாவது, ஏற்றிய உடனேயோ அடுத்த சில நாள்களிலோ குளிர் பட்டால் வருவது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாட்டிலைத் தொட்டதும் விரலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். குளிர்ந்த நீரை ஒரு வாய் விழுங்கினால் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டதுபோலத் தோன்றும், பதறிப்போவார்கள். பெரும்பாலும் உணர்வுதான் அப்படி, காற்று போய்க்கொண்டுதான் இருக்கும், வெதுவெதுப்பாக எதையாவது குடித்தால் தணியும். ஆனால் அது மருந்து ஒவ்வாமையாகவும் இருக்கலாம் என்பதால், உடம்பில் தடிப்பு, முகவீக்கம், உண்மையான மூச்சிரைப்பு சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில நாள்களுக்குக் குளிர்ந்ததைத் தொடாமல், குடிக்காமல் இருப்பதே இதற்கு வழி.

இரண்டாவது முகம் மெல்ல வருவது, டோஸ் சேரச் சேரக் கூடுவது. காலுறை போட்டதுபோல் பாதத்திலும் கையுறை போட்டதுபோல் விரல்களிலும் மரப்பு. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று சொன்னால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டிய கட்டம் அது. அளவைக் குறைப்பதா, மருந்தை நிறுத்துவதா என்று முடிவெடுப்பார். "சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ" என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். மறைத்தால் நஷ்டம் நிரந்தரமாகலாம். இன்னொன்று: ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் மருந்துகளை நிறுத்திய பிறகும் இரண்டு, மூன்று மாதங்களுக்கு மரப்பு கூடிக்கொண்டே போகலாம். அதன்பின் பலருக்கு மெல்லக் குறைகிறது, சிலருக்கு மிச்சம் இருந்துவிடுகிறது. சிஸ்பிளாட்டின் காதையும் பாதிக்கும்; காதில் இரைச்சல் கேட்டால் சொல்லுங்கள்.

எரிச்சலும் வலியும் இருந்தால் டுலோக்செட்டின் என்ற மாத்திரைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. தடுப்பு மருந்து என்று எதுவும் இல்லை. நரம்புச் சத்து என்று தாமாக வாங்கும் துணை மாத்திரைகளில் அசிட்டைல் எல்-கார்னிடைன் ஒரு பெரிய ஆய்வில் மரப்பை அதிகமாக்கியது. நல்ல பெயர் வைத்திருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது.

இரைப்பையை எடுத்துவிட்டார்கள். இனி நரம்புக்கு என்ன ஆபத்து?

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

உணவிலுள்ள பி12 குடலில் ஏற, இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் துணை வேண்டும். இரைப்பை முழுவதையும் எடுத்தால் அந்தப் புரதம் இல்லை. கல்லீரலில் இருக்கும் கையிருப்பு சில வருடங்கள் ஓடும். அதனால் ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று ஊசியை மறந்துவிட்ட நேரத்தில்தான் குறைபாடு வெளியே வரும். இரு பாதங்களிலும் ஊசி குத்தல், மறதி, எரிச்சல், நடையில் தள்ளாட்டம். கண்ணை மூடி முகம் கழுவும்போது உடல் ஒரு பக்கம் சாய்கிறது, இருட்டில் நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை, இதுவரை கண் ஈடுகட்டியது.

கொடுமை என்னவென்றால், மரப்பு வந்ததும் "கீமோவின் மிச்சம்" என்று நோயாளியும் சில நேரம் மருத்துவரும் விட்டுவிடுகிறார்கள். கீமோ மரப்பு நின்று குறைந்துகொண்டிருந்து, பிறகு புதிதாகக் கூடினால் பி12 பார்த்தே ஆக வேண்டும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் திரும்பும். தாமதித்தால் தள்ளாட்டம் தங்கிவிடும்.

இரைப்பை முழுதும் எடுத்தவருக்கு பி12 ஆயுள் முழுக்க. வழக்கமாக 1000 மைக்ரோகிராம் ஊசி, இடைவெளியை மருத்துவர் சொல்வார். அதே அளவு மாத்திரையைத் தினமும் போடும் வழியும் சிலருக்குப் பொருந்தும். பாதி எடுத்தவர்களுக்கும் குறைபாடு வரலாம், சோதனை தேவை. ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகி, ரிப்போர்ட் அழகாகத் தெரியும். நரம்புச் சேதம் உள்ளே தொடரும். வேறு ஆபரேஷனுக்குப் போகும்போது மயக்க மருத்துவரிடம் இரைப்பை எடுத்ததைச் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வாயு பி12-ஐச் செயலிழக்கச் செய்யும், குறைபாடு உள்ளவரைச் சட்டென்று முடக்கிவிடக்கூடும். பி12 சரியாக இருந்தும் நடை தள்ளாடினால் தாமிரச் சத்தையும் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொரு அவசரம்: ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, அதோடு குழப்பமான பேச்சு, பார்வை இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம். இது தயமின், அதாவது பி1 இல்லாமல் மூளை பாதிக்கப்படுவது. நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "வாந்தியால் பலவீனம்" என்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். தயமினும் கொடுக்க வேண்டும்.

ஆபரேஷனில் வேகஸும் போய்விடுமா?

நிணநீர்க் கணுக்களைச் சுத்தமாக எடுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ஆமாம். பித்தப்பை சுருங்கும் ஒழுங்கு கெட்டுக் கல் சேருவது, வயிற்றுப்போக்கு, பசி உணர்வே இல்லாமல் போவது ஆகியவற்றில் அதற்கும் பங்குண்டு. சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு வந்தால் அது டம்ப்பிங், அதாவது உணவு குடலுக்குள் வேகமாக இறங்கிவிடுவது. கொஞ்சம் கொஞ்சமாக, இனிப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் பலருக்கு அடங்கும். ஆரம்பக் கட்டக் கட்டிகளில் வேகஸின் சில கிளைகளைக் காப்பாற்றிச் செய்யும் ஆபரேஷன்கள் ஜப்பானிலும் கொரியாவிலும் வளர்ந்தன.

மூளைக்குப் பரவுமா?

அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மூளை உறைகளில் பரவுவது அதைவிட அரிது; விடாத தலைவலியும் வாந்தியும் பார்வைக் கோளாறும் அதன் அறிகுறி. முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்தினால் முதுகுவலியோடு கால் பலமிழக்கும், சிறுநீர் கட்டுப்படாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நியூரோஎண்டோகிரைன் கட்டி, ஜிஸ்ட் என்கிறார்களே, அவை நரம்புப் புற்றுநோயா?

இரண்டும் இல்லை. முதலாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது. ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டி; இரைப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3 முறை தாளம் போட்டுக்கொடுக்கும் கஹால் செல்களோடு தொடர்புடையது. இமாட்டினிப் மாத்திரைக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

வேகஸைத் தூண்டும் கருவிகள், மூச்சுப்பயிற்சி?

மெதுவான மூச்சுப்பயிற்சி பதற்றத்துக்கு நல்லது, செலவில்லை, செய்யுங்கள். காதில் மாட்டும், கழுத்தில் வைக்கும் கருவிகள் வயிற்றுப் புற்றுநோயைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. வேகஸ் அழற்சியைத் தணிக்கும் என்பதைச் சொல்லி விற்கிறார்கள். அதே வேகஸ் இரைப்பைக் கட்டிக்குத் தீனி போட்டதை மேலே பார்த்தோம். எந்தப் பக்கம் சாயும் என்பது விற்பவருக்கும் தெரியாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் இவற்றை இதய மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.